ஒரே பெயர், மூன்று பாட்டு

கேள்வி: 'தி பவர் ஆஃப் லவ்' என்று தேடினால் வேறு வேறு பாட்டுகள் வருகின்றனவே, யார் யாரைக் காப்பியடித்தார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: யாரும் யாரையும் இல்லை. காப்புரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும்தான், வெறும் தலைப்புக்குக் கிடையாது. 1984 டிசம்பரில் இந்தப் பெயரில் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாட்டு பிரிட்டனில் முதலிடம். மறுவருடமே ஜெனிஃபர் ரஷ் பாடிய வேறொன்று அங்கே முதலிடம். அதே 1985-இல் ஹ்யூயி லூயிஸ் குழுவினுடையது அமெரிக்காவில் முதலிடம். 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஸ்கேட்போர்டில் நின்று, முன்னால் போகும் வண்டியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாரே, அப்போது வருவது. செலின் டியானுடையது நான்காவது பாட்டு இல்லை. ஜெனிஃபர் ரஷ் பாட்டைத்தான் அவர் மறுபடி பாடி, 1994-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். என்னைக் கேட்டால் உருக்கத்தில் பழையதுதான் ஒரு படி மேல்.

கல்லூரி நாட்களில் ஒரு கேசட் கடையில் தலைப்பை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். செலின் டியானுக்காக ஒரு வாரம் காத்திருந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போட்டால், ஹ்யூயி லூயிஸ் துள்ளிக் குதிக்கிறார்! கடைக்காரர் சீட்டை அப்படியே நீட்டினார். பாடகி பெயர் எழுதாதது நான்தானே?