சொரசொரப்பு முதல் நாளில் பிடிக்காது

அன்புள்ள டாக்டர்,

அம்மாவுக்கு 64 வயது. எலும்புப்புரைக்காக நான்கு வருடமாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறார். மேல்தாடையின் பின்பக்கம் இரண்டு பற்கள் இல்லை. அங்கே இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் உலோக ஸ்குரூ) வைப்பது பற்றி பல் மருத்துவமனையில் கேட்டோம். "எலும்பு மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் சொரசொரப்பான இம்ப்ளாண்ட் எந்த எலும்பிலும் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கே பல்லும் மாட்டிவிடலாம்" என்கிறார்கள். நம்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாதியை நம்பலாம். அன்றைக்கே பல் என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

முதல் நாள் இம்ப்ளாண்டைப் பிடித்து வைப்பது அதன் மரையும் துளையின் அளவும்தான். கெட்டியான எலும்பில் டிரில் திணறுவது கைக்குத் தெரியும். மேல்தாடையின் பின்பக்கத்தில் பல நேரம் எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். அங்கே வழக்கமான அளவில் துளை போட்டால் இம்ப்ளாண்ட் லொடலொடவென்று ஆடும். மெத்தென்ற மரத்தில் தச்சர் சின்னத் துளை போட்டு ஸ்குரூவை இறுக்குவது போல, நாங்களும் துளையைக் குறுக்கி, ஆழமான மரை உள்ளதாகப் பார்த்து வைக்கிறோம்.

சொரசொரப்பின் வேலை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. துளைக்குள் ரத்தம் உறைந்து, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை மாதிரி உலோகத்தில் ஒட்டுகின்றன. உறைந்த ரத்தம் சுருங்கும்போது வழுவழுப்பான பரப்பிலிருந்து அந்த இழைகள் எளிதில் பிய்ந்துவிடும். சொரசொரப்பான பரப்பில் பிடி விடாது. எலும்பு செல்கள் அந்த இழைகள் வழியாகவே உலோகம்வரை வந்து, அதன் மேலேயே புது எலும்பைப் படிய வைக்கின்றன. இந்த இம்ப்ளாண்ட் முறையை உருவாக்கிய பிரானேமார்க் 1965-ல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு வைத்தது லேத்தில் கடைந்த, வழுவழுப்பான டைட்டானியம். கெட்டியான எலும்பில் அந்த வகை நன்றாகவே நின்றது, மெலிந்த எலும்பில்தான் அதிகம் தோற்றது. அம்மாவைப் போன்றவர்களுக்குச் சொரசொரப்பு பெரிய உதவி என்று நான் மனதாரச் சொல்வது இதனால்தான்.

அதற்காகச் சொரசொரப்பு கூடக்கூட நல்லது என்று எண்ண வேண்டாம். மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் போதும். ரொம்பக் கரடாக இருந்தால், ஈறு இறங்கும் காலத்தில் அழுக்கும் கிருமியும் அங்கே குடியேறும்.

இன்னொரு விஷயம். மரை அழுத்திய பழைய எலும்பு கொஞ்சம் கரையும். புதிது அதற்குள் முற்றியிருக்காது. சுமார் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பிடி குறைவது இதனால்தான். சொரசொரப்பு அந்தக் குறைவைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. அந்த நேரத்தில் மெல்லும்போது சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் கழற்ற வேண்டியதுதான். மெலிந்த எலும்பில் அன்றைக்கே பல் மாட்டுவதற்கு நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான். மூன்று முதல் ஆறு மாதம் பொறுங்கள். பல் மாட்டுவதற்கு முன், இம்ப்ளாண்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று காட்டும் ஐ.எஸ்.க்யூ. அளவு எடுக்கச் சொல்லுங்கள். 70-க்கு மேல் வந்தால் நிம்மதி. 60-க்குக் கீழே என்றால் இன்னும் காத்திருக்கலாம்.

அந்த மாத்திரையைப் பற்றி பல் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு, அபூர்வமாகத்தான், தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரும். இம்ப்ளாண்டே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார், எலும்புப்புரைக்கு எப்போதாவது ஊசி போட்டார்களா, ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.