முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னைப் பார்க்க வந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாவும் கூட வந்திருந்தார். மற்ற மாதங்களில் அம்மாக்கள் மட்டும்தான் வருவார்கள். மகள் பிளஸ் டூ, கணினி அறிவியல் குரூப், 600க்கு 431. சென்னையில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் பேசி வைத்திருக்கிறார். விடுதியும் சேர்த்து நான்கு வருஷத்துக்கு 11 லட்சம், முன்பணம் 50,000 இந்த மாதக் கடைசிக்குள். அம்மாவின் மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியலோடு நகைக்கடன் ரசீதும் இருந்தது.

"இவ கூடைப்பந்துதான் வேணுங்கிறா சார். மாவட்ட டீம்லயே எடுக்கல. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் அப்பா.

எடுத்துச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். கவலைப்படாதீங்க, பிள்ளை வழிக்கு வந்துடும் என்று வழக்கமான ஆறுதல் இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு எண்பது பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் பிடித்து வரைந்த பாதிக் கோர்ட். பள்ளி அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். யார் எங்கிருந்து எறிந்தாள், விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் குறி. ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், "7ஆம் நம்பர் இடது பக்கம் போகவே மாட்டாள். வலது பக்கத்தை அடைத்தால் போதும்" என்று இருந்தது. யார் இதை எழுதச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். பி.டி. மிஸ் இதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கும் வேலையை இவளிடமே விட்டுவிட்டாராம்.

அண்ணே, அன்றைக்கு உங்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுசாக எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பத்துப் பேர் இதே யோசனையில் இருப்பார்கள்.

உங்கள் மகள் வீராங்கனை ஆக வேண்டும் என்று கேட்கவில்லை, பயிற்சியாளர் ஆக வேண்டும் என்கிறாள். இரண்டும் வேறு வேறு தொழில். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். ஐந்தடி ஒரு அங்குலப் பெண்ணுக்கு ஆட்டத்தில் அது பெரிய குறைதான். பெஞ்சுக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த உயரத்தால் என்ன வந்தது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டாம் இஸ்ஸோ பெரிய பெயர். ஒரு சிறிய கல்லூரிக்கு ஆடினார், என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆடியதே இல்லை. 1983இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஜட் ஹீத்கோட் என்ற தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே 12 வருஷம். 1995இல் ஹீத்கோட் ஓய்வு பெற்றபோது அந்த இடம் இஸ்ஸோவுக்கு வந்தது, 2000இல் தேசியப் பட்டமும் வந்தது. கொன்சாகா பல்கலைக்கழகத்தின் மார்க் ஃபியூ 1989இல் கடைசிப் படி உதவியாளராக உள்ளே போய் 1999இல் தலைமைக்கு வந்தார். என்.பி.ஏ.வில் மயாமி அணியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் உட்கார்ந்தது வீடியோ அறையில். ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, வெட்டி, குறிப்பெடுத்துக் கொடுக்கிற வேலை. 2008இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், 2012, 2013 இரண்டு வருஷமும் கோப்பை. உங்கள் மகளின் நோட்டு அந்த வீடியோ அறை வேலைதான், பென்சிலில்.

இதைச் சொன்னதும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் போட்ல சமையலுக்குத்தான் ஏறினேன். டிரைவர் ஆக ஒன்பது வருஷம்" என்றீர்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உடனே அமெரிக்கச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு அணிக்கே பல உதவிப் பயிற்சியாளர்கள். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் கூடைப்பந்து, கபடி, தடகளம் எல்லாவற்றுக்கும் ஒரே உடற்கல்வி இயக்குநர். உதவிக்கு ஆள் வைத்தால் ஒப்பந்தம்தான், சம்பளமும் கொஞ்சம்தான். முதல் சில வருஷம் கை இறுக்கமாகத்தான் இருக்கும்.

பாதை இப்படிப் போகும். முதலில் ஏதாவது ஒரு மூன்று வருஷப் பட்டம், பெண்கள் கூடைப்பந்து அணி உயிரோடு இருக்கிற கல்லூரியில். நம் மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி, அதற்குப் பிறகு தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. அவள் ஐந்து பேரில் ஒருத்தியாக ஆடாவிட்டாலும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகப் போய் வரட்டும், அந்தச் சான்றிதழ் பின்னால் கேட்கப்படும். பிறகு உடற்கல்விப் பட்டங்கள்: இரண்டு வருஷம் பி.பி.எட்., இரண்டு வருஷம் எம்.பி.எட். இரண்டும் காரைக்குடியிலேயே இருக்கின்றன. சென்னை நந்தனத்தில் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இருக்கிறது. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக எம்.பி.எட்.டில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரையுள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். முழுநேரப் பயிற்சியாளர் என்றால் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருஷ டிப்ளமா. என்.ஐ.எஸ். என்று சொன்னால் மைதானத்தில் எல்லோருக்கும் புரியும். பட்டியலில் அந்த மூன்றெழுத்து இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் பயிற்சியாளர் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கெல்லாம் பத்து ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

இதற்கிடையில் உதவியாளர் வேலையை அவள் பட்டம் முடியும்வரை காத்திருக்காமல் கல்லூரி முதல் வருஷமே ஆரம்பிக்கலாம். அதில் பெருமை கொஞ்சம்தான். பந்துக்குக் காற்றடிப்பது, கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, பத்துப் பேருக்கு ரயில் டிக்கெட் போடுவது, தகுதிச் சான்றில் முதல்வர் கையெழுத்து வாங்க அலுவலக வாசலில் நிற்பது. ஆட்டம் தொடங்க 40 நிமிடத்துக்கு முன்னால் வீராங்கனைகளின் பெயரும் எண்ணும் ஸ்கோரரிடம் போயாக வேண்டும். அந்தப் பட்டியலைத் தப்பில்லாமல் எழுதுகிறவளை எந்தப் பயிற்சியாளரும் கைவிடமாட்டார். சர்வதேச விதிப்படி தலைமைப் பயிற்சியாளரைத் தவிர டைம்-அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்துவது) கேட்கிற உரிமை முதல் உதவிப் பயிற்சியாளருக்கு மட்டும்தான். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. எதிரணி தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுக்கும்போது இப்போது நிறுத்தலாமா, இன்னும் ஒரு முறை பார்க்கலாமா என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி மனசுக்குள் முடிவெடுத்துப் பழகுகிறவள்தான் ஒருநாள் தலைமை இடத்துக்கு வருவாள்.

பொறியியல் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. கணக்கில் அவள் எடுத்தது 52. பிடிக்காத படிப்பில் அந்த மதிப்பெண்ணோடு உட்காரவைத்தால் அரியர்தான் சேரும், வட்டியும் சேரும். 11 லட்சத்துக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். மாமாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா? (உங்கள் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்த மாதிரிதான் இருந்தது.) அரசுக் கல்லூரியில் செலவு பஸ்ஸும் புத்தகமும் ஷூவும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அந்தப் பணத்தில் ஷூ வாங்கட்டும். ஆனால் நெட் எழுதமாட்டேன் என்று பின்னால் சொன்னால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அக்கா, ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். டிகிரி படிக்கிறாள் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. பெண்கள் அணியோடு வெளியூர் போக ஒரு பெண் இருந்தால் நல்லது என்று தேடுகிற கல்லூரிகளும் இருக்கின்றன. நீங்கள் எதைக் குறையாக நினைக்கிறீர்களோ அதுவே இந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு கை கூடுதல்.

அண்ணே, ஜூன் 15இல் படகு கடலுக்குப் போவதற்குள் இரண்டு வேலை. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் போடுங்கள், குறுவட்டப் போட்டிச் சான்றிதழை மறக்காமல் சேருங்கள். விளையாட்டுப் பிரிவுக்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அப்புறம் மாலை ஐந்தரை மணிக்கு அவளோடு கல்லூரி மைதானத்துக்குப் போங்கள். ரிங்கில் வலை இருக்கிறதா, பெண் பிள்ளைகள் யாராவது பந்து தட்டுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கல்லூரி. அங்கே இருக்கும் இயக்குநரிடம் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸைக் கொடுத்தால் போதும், நோட்டு அவளிடமே இருக்கட்டும்.