மிச்ச மரத்தில் ஈ கட்டும் மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தூண்டில் ஈ, அதாவது மீனை ஏமாற்றக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பூச்சி போன்ற இரை, கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், மேசைமேல் வைத்து வேலை செய்யும் பலகை பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலரும் எந்த மரம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான், கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் உங்கள் வைஸைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

கையில் 12 மி.மீ. ப்ளைவுட் துண்டுகளும் பழைய அலமாரிச் சட்டங்களும் இருக்கின்றன. எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

அடிப்பலகைக்கு ப்ளைவுட். அகலமான ஒற்றைப் பலகை ஈரத்துக்கு விரியும், உலர்ந்தால் சுருங்கும், வளையவும் செய்யும். ப்ளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. 60 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் போதும். சட்டங்களை அறுத்துக் கருவிகள் நிற்கும் கட்டைகளாக்குங்கள். விளிம்பில் ஒரு மெல்லிய ரீப்பர் ஒட்டிவிட்டால் மணிகள் உருண்டு தரைக்குப் போகாது.

இரண்டு 12 மி.மீ. துண்டுகளை ஒட்டித் தடிமனாக்கலாமா?

ஒட்டுவதற்கு முன் வைஸின் பிடி எவ்வளவு திறக்கிறது என்று அளந்துவிடுங்கள். மேசை விளிம்பைக் கவ்வும் வகை வைஸ் என்றால், அது உங்கள் பலகையையும் அடியிலுள்ள மேசையையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பலகை 24, மேசை 25 என்றால் மொத்தம் 49 மி.மீ. உங்கள் பிடி அவ்வளவு திறக்காவிட்டால், பலகையின் முன் விளிம்பில் பிடி உட்காரும் அளவுக்கு ஒரு வெட்டு விட்டு, அங்கே மேசையை மட்டும் கவ்வவிடலாம்.

பலகைக்குக் கால் வைத்து உயர்த்தி, பலகையை மட்டும் பிடிக்க வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நூலை இழுத்துச் சுற்றும்போது பலகையே பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்னால் சாயும். கனமான அடித்தட்டில் நிற்கும் வைஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

வைஸின் தண்டை நேராக மரத்திலேயே செருகிவிட முடியாதா?

முடியும். பல வைஸ்களின் தண்டு 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ. கெட்டி மரக்கட்டையில் அதே அளவுத் துளை போடுங்கள், 10 மி.மீ. போட்டால் ஆடும். துளை செங்குத்தாக இருக்க வேண்டும், ஆழம் 6 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் ஒரு திருகு வைத்து இறுக்கினால் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் வைஸின் வாய் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். கழுத்து குனிந்தால் உயரம் போதவில்லை.

கருவிகளுக்குத் துளைகளை எப்படி வரிசைப்படுத்துவது?

முதலில் துளையே போடாதீர்கள். வெறும் பலகையில் சில நாள் ஈ கட்டிப் பாருங்கள். கத்தரிக்கோல் தானாக எங்கே போய்ப் படுக்கிறது, நூல்கண்டைத் தாங்கும் பாபினை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக வரிசையாய் முப்பது துளை போட்டவர்கள் கடைசியில் பயன்படுத்துவது ஏழெட்டுதான்.

நூல்கண்டுகளுக்கு 6 மி.மீ. உருளைக் குச்சி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கண்டின் துளை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரு வீண் துண்டில் சோதித்துவிடுங்கள். குச்சி பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கண்டு கழன்று விழாது. ஊசி முனை கீழே போகும்படி நிற்க வேண்டும். ஆழம் ஒரே சீராக வர, ட்ரில் பிட்டில் வேண்டிய இடத்தில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். பசைக் குப்பிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்; குப்பியின் விட்டத்தைவிட 2 மி.மீ. பெரிதாக, ஆழமாகக் குடையுங்கள். இறகுகள் மேல் பசை கொட்டினால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சரக்கு அடுக்கும் பலகை (பேலட்) மரம் ஆகுமா?

முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம். பழைய பெயின்ட் பூசிய மரத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது.

மேல்பூச்சு?

பளபளப்பில்லாத, வெளிர் நிறப் பூச்சு. பளபளத்தால் விளக்கொளி கண்ணில் அடிக்கும்; கருத்த பலகையில் சிறிய கொக்கி தெரியாது. ஆளி விதை எண்ணெய் பூசுகிறீர்கள் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கொக்கிகளுக்குக் காந்தம் பதிக்கலாமா?

பதிக்கலாம், ஒரு மூலையில். நாள்பட அங்கேயே கிடந்தால் கொக்கிகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டும்.

இறகுகள் வைக்கப் பலகைக்கு அடியில் ஒரு இழுப்பறை வைத்தால் பூச்சி வருமா?

மர இழுப்பறை பூச்சியைத் தடுக்காது. இறகையும் உரோமத்தையும் இறுக மூடும் ஜிப் பைகளில் போட்டு, அதன்பிறகு இழுப்பறையில் வையுங்கள். புதிதாக வந்தவற்றை முதலில் சில நாள் ஃப்ரீசரில் வைத்தெடுங்கள்.