அமெரிக்க அதிபருக்கு இரண்டு முறைதான் என்று வரம்பு இருக்கும்போது, பிரதமர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

பிரதமருக்கும் வரம்பு இருக்கிறது, அது காலண்டரில் இல்லை, அவ்வளவுதான். அவையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக் கட்சி எம்.பி.க்கள்தான் அவருடைய வரம்பு.

பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 1979, 1983, 1987 என்று மூன்று பொதுத்தேர்தலில் கட்சியை ஜெயிக்க வைத்தவர், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1990 நவம்பரில் கட்சித் தலைமைக்குப் போட்டி வந்தபோது, கட்சி எம்.பி.க்கள் போட்ட ஓட்டில் அவருக்கு 204, எதிர்த்து நின்ற சக எம்.பி. ஹெசல்டைனுக்கு 152. சாதாரணக் கணக்கில் ஜெயித்தாயிற்று. ஆனால் முதல் சுற்றிலேயே முடிய வேண்டுமென்றால் கட்சியின் மொத்த எம்.பி.க்களில் 15 சதவீத வித்தியாசம் வேண்டும் என்பது அந்தக் கட்சியின் விதி, அதற்கு நாலு ஓட்டு குறைந்துவிட்டது. இரண்டாம் சுற்றிலும் நிற்பேன் என்றுதான் முதலில் சொன்னார். அமைச்சர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், உங்களை ஆதரிக்கிறேன், ஆனால் ஜெயிக்க மாட்டீர்கள் என்கிற மாதிரியே பலரும் சொல்ல, இரண்டே நாளில் விலகல் அறிவிப்பு வந்துவிட்டது. பதினோரு வருட ஆட்சியை முடித்து வைக்க மக்கள் ஓட்டே தேவைப்படவில்லை.

அதிபரை இப்படி இறக்க முடியாது. அவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் பிடிக்கவில்லை என்பதற்காக அதனால் அனுப்பவும் முடியாது. அமெரிக்காவில் பதவி நீக்கத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார், அப்புறம் கிளிண்டன், டிரம்ப் (இரண்டு தடவை) மேலெல்லாம் விசாரணை நடந்தும், இதுவரை அந்த வழியில் ஒருவர்கூடப் பதவி இழந்ததில்லை. நாலு வருடத்துக்கு அசைக்க முடியாத நாற்காலி. அந்த நாற்காலிக்கு ஒரு கடைசித் தேதி குறித்து வைப்பது நியாயம்தானே.

இத்தனைக்கும் அந்த விதி ஆரம்பத்தில் சட்டமாகவே இல்லை. வாஷிங்டன் இரண்டு முறை இருந்துவிட்டு 1797இல் வீட்டுக்குப் போனார், பின்னால் வந்தவர்களும் அதை மரபாகப் பிடித்துக்கொண்டார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் மூன்றாவது முறையும் 1944இல் நாலாவது முறையும் ஜெயித்து, 1945இல் பதவியிலேயே இறந்த பிறகுதான் 22ஆவது திருத்தம் வந்தது, 1951இல் அமலானது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பதுதான் விதி. ஒரு துணை அதிபர், இன்னொருவர் விட்டுப்போன காலத்தில் இரண்டு வருடத்துக்கு மிகாமல் இருந்தால், மொத்தம் பத்து வருடம்வரை இருக்கலாம்.

சரி, எழுதி வைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் இலங்கைக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1978 அரசியலமைப்பில் இரண்டு முறைதான் என்று இருந்தது. 2010 செப்டம்பரில் 18ஆவது திருத்தம் அந்த வரம்பைத் தூக்கியது, ஆதரவாக 161 ஓட்டு. மகிந்த ராஜபக்ச மூன்றாவது முறை நின்றார். தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர், அதுவும் அவர் அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேன, எதிர்த்து நிற்பதாக அறிவித்து, 2015 ஜனவரியில் ஜெயித்தார். ஏப்ரலில் 19ஆவது திருத்தம் வந்து இரண்டு முறை வரம்பு திரும்பியது, ஆதரவாக 212 ஓட்டு. நடுவில் நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வரம்பைத் தூக்கியதும் திரும்ப வைத்ததும் ஒரே அவை, பெரும்பாலும் அதே ஆட்கள்!

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் 1987 முதல் ஆண்ட அதிபர் காம்பவோரே வரம்பை மாற்றப் பார்த்தார். 2014 அக்டோபர் 30, அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்க வேண்டிய நாள், கூட்டம் புகுந்து நாடாளுமன்றத்தையே கொளுத்தியது, மறுநாள் அவர் நாட்டைவிட்டே ஓடினார். ரஷ்யாவில் அந்தப் பிரச்சினை இல்லை, புடின் 2008 முதல் 2012 வரை பிரதமர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார், 2020இல் அவர் அதுவரை அதிபராக இருந்த தடவைகளின் கணக்கையே பூஜ்ஜியமாக்கிவிட்டார்கள். சீனா 2018இல் அதிபர் பதவிக்கான வரம்பை நீக்கியபோது எல்லோரும் அதிர்ச்சியானார்கள், ஆனால் உண்மையான அதிகாரம் இருக்கும் கட்சிப் பொதுச் செயலாளர் பதவிக்கு இந்த வரம்பு முன்பும் கிடையாது.

வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் விஷயம் நடக்காமல் போகலாம். மெக்சிகோவில் ஆறு வருடம், ஒரே முறை, அவ்வளவுதான். அங்கே அது புரட்சி நடத்தி வாங்கிய விதி. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஆள் சரியாக மாறினார். ஆனால் 1929இலிருந்து 2000 வரை எழுபது வருடத்துக்கு மேல் ஆட்சி ஒரே கட்சியிடம் இருந்தது.

அதனால் எது சிறந்த முறை என்று கேட்டால், அதிபர் முறைக்கு இரண்டு தடவை வரம்பு கண்டிப்பாக வேண்டும் என்பேன். ஒரே தடவை என்றால் அடுத்த தேர்தலை நினைத்துப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லாத ஆள் கிடைக்கிறார். பிரதமருக்கு வரம்பு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தாட்சரை அனுப்பிய எம்.பி.க்கள் மறுநாளும் எம்.பி.க்களாகத்தான் இருந்தார்கள். இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி நம்பிக்கைத் தீர்மானத்தில் ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடலாம். பின்வரிசையில் இருக்கிறவர் வாயைத் திறந்தாலே சீட்டு போய்விடும் என்றால், பிரதமருக்கு வரம்பாக இருப்பது யார்?