வாழைத்தண்டுச் சாறும் தொடைச் சோர்வும்

வாழைப்பழத்தில் கதிரியக்கம் உண்டா, கரும்புள்ளி விழுந்த பழம் புற்றுநோய் தருமா என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் இரண்டு கவலைகளையும் இணையத்திலேயே விட்டுவிடுங்கள். பொட்டாசியம் உள்ள எல்லா உணவிலும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை துளியளவு இருக்கும், நம் உடலிலும் எப்போதும் இருக்கிறது, அதனால் தீங்கில்லை. கரும்புள்ளி பழம் கனிந்ததற்கான அடையாளம் மட்டுமே.

நீங்கள் அஞ்ச வேண்டியது அந்தப் பொட்டாசியத்தின் அளவை. சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் 1.9 (இயல்பைவிட அதிகம்) என்ற அறிக்கையை இணைத்திருக்கிறீர்கள், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் எடுத்துக்கொள்கிறீர்கள், 5 மி.மீ. சிறுநீரகக் கல்லைக் கரைக்க நாள்தோறும் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறீர்கள். இத்தனைக்கும் பிறகு, நாற்காலியிலிருந்து எழும்போது தொடைகள் தளர்கின்றன, நெஞ்சுத் துடிப்பு சில நேரம் தவறுவதுபோல் இருக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிடுகிறீர்கள். கடிதம் அந்த வரியில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் தேவைக்கு மேற்பட்டதை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது முழுமையாக இயலாது, டெல்மிசார்ட்டனோ, பொட்டாசியத்தை வெளியேற்றத் தூண்டும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்து அந்த வெளியேற்றத்தை மேலும் மட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத்தின் தாளமே கெடலாம்; பலருக்கு அதற்கு முன் எந்த அறிகுறியும் தெரிவதில்லை, உங்களுக்குத் தெரிகிறது. ஆகவே சாற்றை நிறுத்திவிட்டு, இசிஜியும் இரத்தப் பொட்டாசியப் பரிசோதனையும் உடனே எடுக்கக்கூடிய மருத்துவமனைக்கு இன்றே செல்லுங்கள். டெல்மிசார்ட்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவது சமையலறையில் இருந்தால் அதையும் ஒதுக்கி வையுங்கள். அதில் வழக்கமாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது.

சாறு கல்லைக் கரைக்குமா? எலிகளில் செய்த ஆய்வுகளைத் தவிர, மனிதர்களிடம் நம்பத்தக்க சான்று இல்லை. 5 மி.மீ. கற்கள் பல நேரம் தாமாகவே வெளியேறிவிடுகின்றன; புகழ் அப்போது குடித்துக்கொண்டிருந்த சாற்றுக்குப் போய்ச் சேர்கிறது.

சிறுநீரகம் செயலிழந்துவிடுமோ என்பதே உங்கள் உள்ளூர அச்சம் என்று புரிகிறது. ஒரே ஒரு கிரியாட்டினின் அளவைக் கொண்டு அதை யாரும் முடிவு செய்ய முடியாது. கல் சிறுநீர்ப் பாதையை அடைத்திருந்தால், அடைப்பை நீக்கியதும் அந்த எண் இறங்கவும் கூடும்; அதற்கு ஸ்கேன் வேண்டும். மருத்துவர் என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கும்போது, மாத்திரைகளோடு வாழைத்தண்டுச் சாற்றையும் சொல்லுங்கள். அது மருந்தில்லையே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.