வரத்தே இல்லாத நாளில் கிலோ என்ன விலை?

கேள்வி: பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விற்ற தொகையை எடையால் வகுத்து, எக்செல்லில் கிலோ விலை போடுகிறேன். வரத்து இல்லாத நாளில் ‘டிவ்/0’ என்று பிழை வருகிறது. மாதச் சராசரியும் கெட்டுவிடுகிறது. “பூஜ்ஜியம் போட்டுவிடம்மா” என்கிறார் முதலாளி. பிளஸ் டூ படிக்கும் என் மகளோ, 0/0-க்கும் விடை கண்டுபிடிக்க லோபிதால் விதி இருக்கிறது என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: பூஜ்ஜியம் மட்டும் போடாதீர்கள். கிலோ விலை 0 என்றால் தக்காளியைச் சும்மா கொடுத்தீர்கள் என்று பொருள். விலை விழுந்து சாலையோரம் கொட்டிய நாள்களைப் பார்த்த ஊர் உங்களுடையது. சரக்கு வராததும் சரக்கு விலை போகாததும் வேறு வேறு என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வகுத்தல் என்பது பெருக்கலைத் திருப்பிக் கேட்பதுதான். 4,500-ஐ 0-ஆல் வகு என்றால், எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 4,500 வரும் என்று கேட்கிறோம். அப்படி ஓர் எண் இல்லை. 0-ஐ 0-ஆல் வகு என்றாலோ எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். 20-உம் சரி, 30-உம் சரி. முன்னதற்கு விடையே இல்லை, பின்னதற்கு விடை ஒன்றாக நிற்பதில்லை. எக்செல் இரண்டுக்கும் ஒரே பிழையைத்தான் காட்டும். உங்கள் ஏட்டில் அவை ஒன்றல்ல: 0/0 என்றால் அன்று வியாபாரம் இல்லை, 4,500/0 என்றால் யாரோ எடையை எழுத மறந்திருக்கிறார்கள். ‘இஃப்எரர்’ போட்டு எல்லாப் பிழையையும் மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை விடுபட்டதும் சேர்ந்து மறைந்துவிடும். ‘இஃப்’ சூத்திரத்தால் எடையும் தொகையும் 0 ஆக இருந்தால் கட்டத்தைக் காலியாகவும், எடை மட்டும் 0 என்றால் ‘எடையைப் பார்’ என்றும் காட்டச் செய்யுங்கள். சராசரி எடுக்கும்போது எக்செல் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளாது. 0 என்று போட்டால் அதையும் ஒரு நாள் விலையாக எண்ணிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, தினசரி விலைகளைக் கூட்டிச் சராசரி எடுப்பது. முதல் நாள் 400 கிலோ, கிலோ 20 ரூபாய்; மறுநாள் 100 கிலோ, 30 ரூபாய்; மூன்றாம் நாள் வரத்தில்லை என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியம் போட்டால் சராசரி 16.67. காலியாக விட்டால் 25. மொத்தத் தொகை 11,000-ஐ மொத்த எடை 500-ஆல் வகுத்தால் 22. மாதக் கணக்கில் எழுத வேண்டியது இதைத்தான். வரத்தில்லாத நாள் இந்தக் கணக்கில் தொல்லையே தராது.

உங்கள் முதலாளிக்குத் துணை இல்லாமல் இல்லை. கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரே 0/0 என்பது 0 என்றுதான் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி என்றார். இன்றைய எண்கணிதம் இரண்டையும் ஏற்பதில்லை.

மகள் சொல்வது வேறு விஷயம். கிலோ 20 ரூபாய் விலையில் எடையைக் குறைத்துக்கொண்டே போங்கள்: 100 கிராம் 2 ரூபாய், 10 கிராம் 20 காசு. தொகையும் எடையும் பூஜ்ஜியத்தை நெருங்கினாலும் விகிதம் 20-இலேயே நிற்கும். விலை 30 என்றால் 30-இல் நிற்கும். இரண்டும் போய்ச் சேரும் இடம் 0/0. ஆனால் எல்லை, அதாவது விகிதம் நெருங்கிச் செல்லும் மதிப்பு, வேறு. அதனால்தான் பாடப்புத்தகம் அதைத் ‘தேறப்பெறாத வடிவம்’ என்கிறது. லோபிதால் விதி கண்டுபிடித்துத் தருவது அந்த எல்லையை. 0/0-இன் மதிப்பை அல்ல. விற்காத நாளில் நெருங்கிப் பார்க்க எதுவும் இல்லை, ஆகவே அந்த விதிக்கு உங்கள் ஏட்டில் வேலை இல்லை.

தேர்வுக்கு அவளிடம் ஒன்று சொல்லுங்கள். விதியைப் போடும் முன் 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி வடிவம்தானா என்று பார்க்க வேண்டும். x பூஜ்ஜியத்தை நெருங்கும்போது (x+1)/(x+2)-இன் எல்லை 1/2. பார்க்காமல் மேலும் கீழும் வகைக்கெழு எடுத்தால் 1 என்று வரும், மதிப்பெண் போய்விடும்.