இயற்பியலில் வரும் தாம்சன் ஒருவர்தானா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜூல்-தாம்சன் விளைவு, தாம்சன் அணு மாதிரி, 1906-லும் 1937-லும் நோபல் வாங்கிய தாம்சன், எல்லாம் ஒரே ஆளா? எப்படிப் பிரித்து ஞாபகம் வைப்பது?

ஒரே ஆள் இல்லை, மூன்று பேர். தாமின் மகன் என்பதுதான் அந்தக் குடும்பப் பெயருக்கு அர்த்தம், அதனால் பிரிட்டனில் தெருவுக்குத் தெரு தாம்சன்கள் உண்டு. பெயரை விட்டுவிட்டு, கேள்வி எதைப் பற்றியது என்று பாருங்கள்.

வெப்பம் என்றால் வில்லியம் தாம்சன். 1824-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், 22 வயதிலேயே கிளாஸ்கோவில் பேராசிரியர். அழுத்தத்தில் இருக்கும் வாயுவை நுண்துளை அடைப்பு வழியாக விரியவிட்டால், சாதாரண வெப்பநிலையில் பெரும்பாலான வாயுக்கள் குளிர்ந்துபோகும் இல்லையா, அந்த ஜூல்-தாம்சன் விளைவு இவருடையது. 1892-ல் பிரபு பட்டம் கிடைத்தபோது பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். அதனால்தான் கெல்வின் அளவுகோலுக்குச் சொந்தக்காரரும் இந்தத் தாம்சனும் வேறு வேறு ஆள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

எலக்ட்ரான், அணு மாதிரி, மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் என்று வந்தால் ஜே.ஜே. தாம்சன். இவர் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்தவர், கெல்வினுக்குச் சொந்தம் கிடையாது. எலக்ட்ரானை 1897-ல் கண்டுபிடித்தார். ஆனால் 1906 நோபல் பரிசின் அறிவிப்பில் எலக்ட்ரான் என்ற சொல்லே இல்லை, வாயுக்களில் மின்சாரம் கடப்பது பற்றிய ஆய்வுக்கு என்றுதான் இருக்கிறது. பலர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

1937 அவருடைய மகன் ஜி.பி. தாம்சனுக்கு, அமெரிக்க இயற்பியலாளர் டேவிசனோடு சேர்த்து. மெல்லிய படலம் வழியாக எலக்ட்ரான்களை அனுப்பி, அவை அலைபோல விளிம்பு விளைவு அடைவதை, அதாவது வளைந்து பரவுவதைக் காட்டினார். அப்பா துகள் என்று காட்டியதை மகன் அலை என்றும் காட்டினார், இருவருமே சரி! அதைப் பார்க்க அப்பாவும் உயிரோடு இருந்தார், 1940-ல்தான் இறந்தார். இயற்பியலில் எனக்கு இதைவிடப் பிடித்த குடும்பக் கதை இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் நடுவே 'பி' எழுத்து சேர்ந்த தாம்சன் ஒருவரும் உண்டு, பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு என்றால் தெரியும். தமிழில் எழுதும்போது அந்த எழுத்து காணாமல் போய்விடுகிறது. பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது எழும் வெப்பத்தை வைத்து, வெப்பம் பாயும் ஒரு பொருள் அல்ல என்று 1798-ல் வாதிட்டவர் இவர். இதுவும் வெப்பம்தான், ஆகவே நான் மேலே சொன்ன வழி இங்கே உங்களை ஏமாற்றும். கேள்வியில் பீரங்கி வந்தால் கெல்வினைத் தொடாதீர்கள், அவர் பிறக்க அப்போது இன்னும் 26 வருடம் இருந்தது.